மெடிக்கல் அக்காவின் டியூப் லைட்

ஐந்நூறு ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காத கடைக்காரர் யார் இருக்கிறார்? மெடிக்கல் அக்கா பத்து ரூபாயையும் பிடித்துப் பார்ப்பார். நோட்டு மட்டுமா? டாக்டர் எழுதிய சீட்டு, மாத்திரை அட்டை, கொரியரில் வந்த கவர், ஒரு தடவை எங்கள் தெருக்காரர் நீட்டிய கல்யாணப் பத்திரிகை, எல்லாமே கல்லாவுக்கு மேலே எரியும் டியூப் லைட்டுக்கு நேரே போய்விட்டுத்தான் கீழே இறங்கும்.

"பத்திரிகையில என்னக்கா இருக்கு, இப்படிப் பாக்கீக?" என்று அந்த மனுஷன் மனம் நொந்து கேட்டார்.

"சிவகாசில அடிச்சதுதானே? இங்கன என்னத்தத்தான் அடிக்க மாட்டாக," என்றார் அக்கா.

அவருடைய அப்பா, அவர் பேச்சில் அத்தா, லேபிள் அச்சடிக்கிற பிரஸ் வைத்திருந்தவர். ஒரே எண்ணெய்க்கு வேறு வேறு பேரில் லேபிள் ஓடுவதைச் சின்ன வயசிலேயே பார்த்து வளர்ந்த பிள்ளை. அதிலிருந்து காகிதத்தில் இருக்கிற எதையும் அக்கா நம்புவதில்லை. காகிதத்தை நீட்டுகிற ஆளை அதற்கும் கீழே வைத்திருந்தார்.

திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பை ஒட்டிக் கடை. வீட்டுக்காரர் சரக்கெடுக்க மதுரைக்கு அலைவார். பார்மசி படித்தவர் அக்கா என்பதால் கடையில் எப்போதும் அவர்தான். தலையில் முக்காடு, மூக்கு நுனியில் கண்ணாடி. யார் என்ன சொன்னாலும் பதிலுக்கு "இருக்கட்டும்" என்பார். நீ சொல்வது காதில் விழுந்தது, நம்பவில்லை என்று அதற்கு அர்த்தம். ஊரில் எல்லோருக்கும் அந்த அர்த்தம் தெரியும், எல்லோருக்கும் எரிச்சல் வரும். ஆனால் பெண்கள் சமாச்சாரம் வாங்க, ஒரு பொம்பளை நின்று எடுத்துக் கொடுக்கிற கடை அந்தப் பக்கம் அது ஒன்றுதான். திட்டிக்கொண்டே அங்கேதான் போவோம்.

என்னை அந்தக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனது ஓட்டம். அப்போது நான் பத்தாவது. எண்ணூறு மீட்டர் ஓடுவேன். அப்பா காலமாகிவிட்டார், அம்மா பயராபீசுக்குப் போகிறவள். பட்டாசு கம்பெனியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். விடியும்போதே தெருமுனையில் வேன் வந்து ஹாரன் அடிக்கும். "நீ இந்த வேன்ல ஏறக் கூடாது" என்பதைத் தவிர என்னைப் பற்றி அம்மாவுக்குப் பெரிய யோசனை எதுவும் கிடையாது. மாநிலப் போட்டிவரை போய்விட்டால் விளையாட்டு கோட்டாவில் காலேஜ் சீட் கிடைக்கும் என்று எங்கள் பி.டி. மாஸ்டர் சொல்லியிருந்தார். எனக்கு அந்தச் சீட் வேண்டும். இல்லாவிட்டால் வேன்தான்.

மாஸ்டர் தங்கமான மனுஷன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார். போட்டிக்கு முன்னால் கிரவுண்டு ஓரத்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு, "தள்ளிப் போடுறவுக தள்ளிப் போட்டுக்கங்க" என்பார். மரம் எதைத் தள்ளிப் போடும், சொல்லுங்கள்.

மாசா மாசம் வருகிற தூரத்தைத் தள்ளிப் போடுகிற மாத்திரை எங்கள் ஊருக்குப் புதுசில்லை. மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வந்தால் அக்கினிச்சட்டி எடுக்க நேர்ந்துகொண்டவர்கள் எல்லாம் அதற்காக மெடிக்கல் அக்கா முன்னால் நிற்பார்கள். அவர் சும்மா கொடுத்துவிட மாட்டார். டாக்டர் சீட்டு எங்கே, காலில் வீக்கம் உண்டா, தலைவலி உண்டா, போன வருஷம் சாப்பிட்டபோது என்ன பண்ணுச்சு என்று வருகிறவர்களை எல்லாம் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி விசாரிப்பார். சாமிக்குப் பயப்படாதவர்கள்கூட அந்த விசாரணைக்குப் பயப்படுவார்கள்.

முதல் தடவை நான் போனபோது, "கோயிலா, கல்யாணமா?" என்றார்.

"ஓட்டம்க்கா."

"ஓட்டத்துக்கு இதா? எவுக சொன்னது?"

"மாஸ்டர்."

"அவுக தின்னு பாத்துட்டுச் சொன்னாகளா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் சிரிக்கவில்லை. டாக்டர் சீட்டைத் தூக்கி டியூப் லைட்டில் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொடுத்தார். சாப்பிட்டேன். மார் வலித்தது, உடம்பு ஊதின மாதிரி இருந்தது, ஈரச் சாக்கைக் காலில் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி ஓடினேன். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தேன். பயிற்சி பத்தவில்லை என்றார் மாஸ்டர். அக்காவிடம் சொன்னதற்கு, "சிலருக்கு அப்படிப் பண்ணும், சிலருக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லுவாக. நீ ஒழுங்கா ஓடலையோ என்னமோ, யார் கண்டா" என்றார். ஒரு ஆறுதல் வார்த்தை அவரிடமிருந்து வாங்கிவிட முடியாது.

அடுத்த வருஷம் நான் பிளஸ் ஒன். மாஸ்டர் எடை மெஷின் கொண்டுவந்தார். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று எங்கேயோ கேட்டிருக்கிறார். நானும் கேட்டுக்கொண்டேன். காலையில் வெறும் வயிற்றில் ஓட்டம், ராத்திரி சோற்றுக்குப் பதில் மோர். வேகம் நிசமாகவே கூடியது. கூடவே இன்னொன்றும் நடந்தது. எனக்கு மாசா மாசம் வருவது நின்றுபோனது.

பயந்தேனா என்று கேட்டால், இல்லை. சந்தோஷப்பட்டேன். மாத்திரை வேண்டாம், வயிற்று வலி கிடையாது, வெள்ளை டிராயர் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்க்கிற வேலை கிடையாது. நல்ல ஓட்டக்காரிக்கு அப்படித்தான் இருக்கும் என்று நானாகவே முடிவுகட்டினேன். அம்மாவை நினைத்தபோதுதான் பயம் வந்தது. கல்யாணமாகாத பிள்ளைக்கு நின்றுபோச்சு என்றால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. மாஸ்டர் வேறு ஆம்பளை. அம்மா என்னை நம்பினாலும் தெரு நம்பாது. அடுத்த முகூர்த்தத்தில் என்னை எவனுக்காவது கட்டிவைத்துவிட்டுத்தான் அம்மா மூச்சு விடுவாள்.

எங்கள் வீட்டில் தூரமானால் மூணு நாள் வாசல் பக்கத்து மூலையில் தனிப் பாய், தனித் தட்டு. அடுப்பங்கரைப் பக்கம் போகக் கூடாது. எனவே நான் வராத தூரத்தை வரவழைத்தேன். மறந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு மாசமும் முதல் தேதி என்று வைத்துக்கொண்டேன். தினக்காலண்டரில் புது மாசத் தாளைக் கிழித்த கையோடு மெடிக்கல் அக்கா கடைக்குப் போய் ஒரு நாப்கின் பாக்கெட் வாங்கி, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி கறுப்புக் கவரை ஆட்டிக்கொண்டு வந்து மூலையில் உட்கார்ந்துவிடுவேன். பிரிக்காத பாக்கெட்டுகள் டிரங்குப் பெட்டிக்கு அடியில் சேர்ந்தன. ஒரு தடவை மூலையில் இருக்கிற ஞாபகமே இல்லாமல் எழுந்து போய் சோற்றுப் பானையைத் திறந்துவிட்டேன். "அடியாத்தி, தூரமா இருக்கிறவ பானையத் தொடுறா பாரு" என்று கத்திக்கொண்டே அம்மா அத்தனை சோற்றையும் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். ஒன்றுமே இல்லாதவள் தொட்ட சோறு அது. மாடு தின்பதைப் பார்த்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவை ஏமாற்றிவிட்டேன். கடைக்காரியை ஏமாற்ற முடியவில்லை.

நாலைந்து மாசம் போயிருக்கும். பாக்கெட்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே அக்கா, "உனக்கு மட்டும் மாசம் பொறந்தா டாண்ணு வந்திருதே" என்றார்.

"ஆமாக்கா. கரெக்டா வந்திரும்."

"பிப்ரவரி மாசம் குறைச்சலான மாசம். அதுக்கும் கரெக்டா வந்துச்சு?"

"ஆமா" என்றேன்.

"இருக்கட்டும்," என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அந்தக் கடையைக் கண்டாலே ஆகாது. இந்தப் பொம்பளை அம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிடுவாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். அம்மா கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பினால் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். வேறு கடைக்கு மாறலாம் என்றால் அங்கே கல்லாவில் என் கூடப் படிக்கிறவனுடைய அண்ணன் இருந்தான். அதற்குள் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு வலி ஆரம்பித்திருந்தது. ஓடும்போது மட்டும் இருந்த வலி, பிறகு நடக்கும்போதும் வந்தது. தைலம் வாங்கப் போனேன், கொடுத்தார். வலி மாத்திரை கேட்டேன், தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"காலு வலின்னா ஓடாம இரு. மாத்திரை தின்னுட்டு ஓடுறதுக்கு நான் தர மாட்டேன்."

"போட்டி இருக்குக்கா."

"நீ என்னத்தையோ மறைக்கிற பிள்ள."

இவருக்கு எதற்கு இந்த வேலை என்று மனசுக்குள் அசிங்கமாகத் திட்டினேன். இப்போதும் அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிற எண்ணம் இல்லை. அடுத்தவள் உடம்பைப் பற்றி அவ்வளவு துருவுகிற ஆளை யாருக்குப் பிடிக்கும்?

பங்குனிப் பொங்கல் வந்தது. அம்மா அக்கினிச்சட்டி நேர்ந்திருந்தாள், நானும் மஞ்சள் சேலை கட்டிக் கூட வர வேண்டும். அம்மா காலண்டரைப் பார்த்தாள். திருவிழா முதல் தேதியை ஒட்டி விழுந்தது. "உனக்குத்தான் டாண்ணு வந்திருமே" என்று சொல்லி, டாக்டர் சீட்டும் வாங்கிக்கொண்டு, என்னைக் கையைப் பிடித்து மெடிக்கல் அக்கா கடைக்கு இழுத்துப்போனாள். என் பொய் என்னையே கொண்டுபோய் அங்கே நிறுத்தியது.

"வாங்கக்கா. யாருக்கு, உங்களுக்கா?" என்று அம்மாவைக் கேட்டார் மெடிக்கல் அக்கா.

"எனக்கு எதுக்கு, அது போன வருசத்தோட நின்னு போச்சே. பிள்ளைக்கு. கோயிலுக்கு வரணும்லா."

அக்கா சீட்டை டியூப் லைட்டில் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "கடைசியா நிசமா எப்ப வந்துச்சு?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஸ்டாக் இல்லக்கா," என்றார் அவர். "நாளைக்கு வந்திரும். பிள்ளைய மட்டும் அனுப்புங்க."

அவர் முதுகுக்குப் பின்னால், ரெண்டாவது தட்டில், அந்த மாத்திரை அட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. எதற்காக என்னைத் தனியாக வரச் சொல்கிறார்? ராத்திரி முழுக்கப் புரண்டேன். என்னென்னவோ கற்பனை.

மறுநாள் அலமாரிக்குப் பின்னால் கூட்டிப்போனார். கையில் ஒரு சின்ன அட்டையைத் திணித்தார். "உள்ள பாத்ரூம் இருக்கு. ரெண்டு சொட்டு விட்டுட்டுக் கொண்டா."

கர்ப்பம் பார்க்கிற அட்டை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தெருவுக்குப் பயந்து ஒளிந்தவளைத் தெருவைவிட மோசமாகச் சந்தேகப்படுகிறார். "என்னை என்னன்னு நினைச்சீக?" என்றேன்.

"ஒண்ணும் நினைக்கல. பாக்கணும், அம்புட்டுதான். பாக்காம எனக்கு ஒண்ணும் தெரியாது."

ஒரு கோடுதான் விழுந்தது. அந்த அட்டையையும் டியூப் லைட்டுக்குக் கொண்டுபோனார். அதோடு விட்டாரா? ஒரு கம்பெனி அட்டையை நம்ப முடியாது என்று வேறு கம்பெனி அட்டை ஒன்றையும் பிரித்தார். அதிலும் ஒரே கோடு. அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் இளகியது. உடனே அடுத்த சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன திங்கிற?"

சொன்னேன். ராத்திரி மோரைச் சொன்னேன், எடை மெஷினைச் சொன்னேன், பாயைப் போட்டு மூலையில் உட்கார்ந்ததைச் சொன்னேன். அவர் குனிந்து என் கீழ்க்காலில் ஒரு இடத்தைப் பார்த்துக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். துள்ளிவிட்டேன்.

"உங்கம்மாட்ட நான் சொல்லப் போறேன்," என்றார்.

காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். சொன்னால் என் ஓட்டம் போச்சு, காலேஜ் சீட் போச்சு, வேனில் ஏற வேண்டியதுதான் என்றேன்.

"சொல்லாட்டி உன் காலு போகும். காலு இல்லாம எங்கிட்டு ஓடுவ?"

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய அம்மாவைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கேட்க வந்ததை அவளால் கேட்க முடியவில்லை. அக்கா அந்த ரெண்டு அட்டையையும் கண்ணாடி மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டு கம்பெனி அட்டை. ரெண்டும் ஒத்தக் கோடு. நானே சந்தேகப்பட்டுப் பாத்துட்டேன், நீங்க வேற படாதீக. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க."

விருதுநகரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு இன்றைக்கும் அப்படியே ஞாபகம். ஓடுகிற அளவுக்கு இந்தப் பிள்ளை சாப்பிடவில்லை, இருக்கிற கொஞ்சத்தில் உயிரை ஓட்டுவதற்காக உடம்பு மாதவிலக்கை நிறுத்தி வைத்திருக்கிறது, அது நின்றால் எலும்பும் பலமிழக்கும், கால் எலும்பில் கீறல் விழ ஆரம்பித்திருக்கிறது என்றார்.

அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா சரியாயிருமாம்மா?"

"சோத்தப் போடுங்க, சரியாயிரும்," என்றார் டாக்டரம்மா.

அம்மா அப்படியே தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு மாட்டுத் தொட்டியில் கொட்டிய பானை அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். எனக்கு வந்தது.

அந்த சீசன் போனது. கால் வலி என்று நான் நடிப்பதாக மாஸ்டர் சொன்னார். அம்மா வேனுக்குப் போகுமுன் எனக்குக் கேப்பைக்கூழும் முட்டையும் வைத்துவிட்டுப் போனாள். தூரமானவள் கோயிலுக்கு வரக் கூடாது என்று மாத்திரை வாங்கப் போனவள், எனக்குத் தூரம் வந்தால் அடுத்த வருஷமும் அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று அதே மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டாள். டிரங்குப் பெட்டிக்கு அடியில் இருந்த பாக்கெட்டுகளைக் கண்டுபிடித்து வாரிக்கொண்டு போய் மெடிக்கல் அக்காவிடம் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாகத் தூக்கி, ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து எடுத்துக்கொண்டு, பதிலுக்குச் சத்துமாவு டப்பா தந்தார்.

அப்புறம் தினமும் எனக்குப் பரீட்சைதான். கடையைத் தாண்டிப் போகவே முடியாது.

"தின்னியா?"

"தின்னேன்க்கா."

"என்னத்த?"

"முட்டை, சோறு, கடலை மிட்டாய்."

"கிட்ட வா. வாய ஊது."

ரோட்டில் நின்று ஒரு பிள்ளை கடைக்காரிக்கு முட்டை வாசம் காட்ட வேண்டுமாம். மானம் போகும். ஊதிக் காட்டிவிட்டுத்தான் போவேன்.

கால் ஆறியது. டாக்டரம்மா சொன்ன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓடினேன். பிளஸ் டூ கடைசியில் மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் ஓட்டம் விருதுநகரில் நடந்தது. எனக்கு இருந்தது அந்த ஒரு வாய்ப்புதான். அதற்கு முந்தின சாயங்காலம், வயிற்றைச் சுண்டி இழுத்து, வந்துவிட்டது. அவ்வளவு நாள் காத்திருந்துவிட்டு வந்து நிற்கிற நேரத்தைப் பாருங்கள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கடைக்கு ஓடினேன்.

"ஒரு பாக்கெட்டுக்கா."

அவர் எடுக்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். "மாசம் பொறக்கலையே."

"பொறக்கலக்கா. நடு மாசம்தான்."

அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "நாளைக்குத்தான ஓட்டம்?"

"ஆமா. இந்த நாள்ல ஓடலாமாக்கா? மாஸ்டர்ட்ட சொன்னா நிறுத்திருவாக."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் பஸ்ஸுக்குக்கூட ஓடுனதில்ல. டாக்டரம்மா என்ன சொன்னாக?"

"உடம்புக்கு முடிஞ்சா ஓடலாம், எல்லாருக்கும் ஒண்ணுபோல இருக்காதுன்னாக."

"அப்ப முடியுதான்னு நீதான் பாக்கணும். எவன் சொல்றதையும் கேக்காத. நான் சொல்றதையும் கேக்காத," என்று சொல்லிப் பாக்கெட்டைப் பேப்பரில் சுற்றினார்.

ஓடினேன். முதல் சுற்றில் இடுப்பு கடுத்தது. ரெண்டாவது சுற்றில் அதை மறந்துபோனேன். ரெண்டாவதாக வந்தேன். முதல் ரெண்டு பேரைத்தான் எடுத்தார்கள்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் சர்டிபிகேட்டைக் கொண்டுபோய் அக்கா முன்னால் நீட்டினேன். அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். தூக்கி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். முத்திரையைக் கட்டைவிரலால் தேய்த்தார். மோந்துகூடப் பார்த்தார்.

"எங்கத்தா பிரஸ்ல இத அரை நாள்ல அடிச்சிருவாக," என்றார்.

"அப்ப நம்பலையாக்கா?"

"இந்தப் பேப்பர நம்பல." திருப்பிக் கொடுத்தார். "நேத்து வந்து நடு மாசத்துல பாக்கெட்டு கேட்டல்லா, அத நம்புறேன்."

பந்தயக் கோட்டைத் தாண்டும்போது வராத அழுகை அந்தக் கடை வாசலில் எனக்கு வந்துவிட்டது. துடைக்கத் துடைக்க வந்தது. அக்கா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏன் அழுவுற? காலு வலிக்குதா?"

"இல்லக்கா."

மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். ரோட்டிலேயே குனிந்து உட்கார்ந்து, என் கீழ்க்காலில் அந்தப் பழைய இடத்தைத் தேடிப் பிடித்துக் கட்டைவிரலால் அமுக்கினார்.

"வலிக்கலக்கா. சத்தியமா வலிக்கல."

"இருக்கட்டும்," என்று சொல்லி, இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார்.